வரிசையில் கேட்ட கேள்வி

கழுத்தில் புது விசிலும் காலில் வெளுத்த சப்பாத்துமாகப் பணியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, வெற்றிக் கேடயங்களைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்து இதை வாசிக்கத் தொடங்கியிருந்தால் இப்போதே மூடிவைத்துவிடலாம். கேடயங்கள் சங்கத்து அலுமாரியில் இருக்கின்றன. போய்ப் பாருங்கள். போகும்போது ஒரு துணித்துண்டையும் கொண்டு போங்கள், நான் ஓய்வு பெற்ற பிறகு அதில் ஒருவரும் தூசு தட்டியதாகத் தெரியவில்லை.

கலாசாலையில் உங்களுக்கு எலும்புகளின் பெயர்களை எல்லாம் பாடமாக்க வைத்திருப்பார்கள். முழங்கால் புரண்டால் எப்படிக் கட்டுவது, மூக்கில் இரத்தம் வந்தால் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சோதனையும் வைத்திருப்பார்கள். பிள்ளையை விளையாட்டில் சேர்க்க வருகிற தகப்பனிடம் எந்த இடத்தில் வைத்து, எந்தக் குரலில் பேசவேண்டும் என்று ஒருவரும் படிப்பித்திருக்க மாட்டார்கள். எனக்கும் படிப்பிக்கவில்லை. நானாகவே பிழைவிட்டுப் படித்தேன். அந்தப் படிப்புக்கு வேறொருவரின் மகள் கிட்டத்தட்ட உயிரைக் கொடுத்திருப்பாள். ஆகவே இதை இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

எழுபதுகளில் நான் திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியன். மாலையில் ஊர்ச் சங்கத்துக்காகச் சிறுவர் சிறுமியருக்குக் கூடைப்பந்து பழக்கினேன். மைதானம் என்று பெரிதாக நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் கடற்கரைக்குக் கிட்ட டென்னிஸ் ஆடிவிட்டு விட்டுப்போன சீமெந்துத் தளம் அது. அதன் இரண்டு அந்தத்திலும் துறைமுகப் பக்கத்தில் கழித்துப்போட்ட இரும்புக் குழாய்களை நட்டு, பலகை அடித்து, வளையம் மாட்டியிருந்தோம். பயிற்சி தொடங்குமுன் பிள்ளைகள் செய்யவேண்டிய முதல் வேலை, பகலெல்லாம் அங்கே படுத்துக்கிடந்த மான்களைத் துரத்திவிட்டு அவற்றின் புழுக்கைகளைக் கூட்டி அள்ளுவது. ஊருக்குள் மான் உலாவுவது வெளியூர்க்காரருக்கு அழகு. ஓடுகிற பிள்ளையின் காலடியில் புழுக்கை உருண்டால் அது முன்பல் போகிற விஷயம்.

எனக்கு ஒரு குருநாதர் இருந்தார். சங்கத்தின் செயலாளர். பெயர் வேண்டாம், காலமாகிவிட்டார். கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது. ஆனால் கடதாசி விஷயத்தில் மனிதர் புலி. முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, ரோனியோ இயந்திரத்தில் உருட்டிப் படியெடுத்த படிவத் தாள்கள் ஒரு பெட்டி தந்தார். பிள்ளையின் பெயர், வயது, நோய் உண்டா இல்லையா, என்ன நடந்தாலும் சங்கம் பொறுப்பல்ல, பெற்றோர் கையொப்பம். அவ்வளவுதான். "தம்பி, விழுகிற பிள்ளை விழத்தான் செய்யும். உம்மட கையில கையெழுத்து இருந்தா உமக்கு ஒண்டும் வராது" என்றார். பாதுகாப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த முழுப் பயிற்சியும் இதுதான். யாருடைய பாதுகாப்பு என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் வருஷம் தாள்களைப் பிள்ளைகளின் கையில் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பாதி திரும்பி வரவில்லை. வந்தவற்றில் சிலதில் மீன் சுற்றிய மணம் இருந்தது. இரண்டாம் வருஷம் எனக்கு மூளை வேலை செய்தது. பெற்றோரை ஒரே நாளில் மண்டபத்துக்கு வரச்சொல்லி, மேசை போட்டு, கதிரையில் இருந்துகொண்டு, நானே கேள்விகளை உரக்க வாசிப்பேன், அவர்கள் பதில் சொல்லச் சொல்ல நானே நிரப்புவேன், கையெழுத்தை மட்டும் அவர்கள் போடவேண்டும். பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்று பழகிய காலம். வரிசை என்றால் சனம் கேள்வி கேட்காமல் வந்து நின்றது.

என் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஒலிபெருக்கி பழுதானால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் குரலில், மண்டபத்தின் கடைசித் தூணுக்கும் கேட்கும்படி, தாளிலிருந்த நோய்க் கேள்வியை, "பிள்ளைக்கு வருத்தம் ஏதும் உண்டோ?" என்று கேட்பேன். "இல்லை" என்பார்கள். "அடுத்த ஆள்!" ஒரு மணித்தியாலத்துக்குள் முழு அலுவலும் முடிந்துவிடும். அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட ஒரு தடிமன் காய்ச்சல் இருந்ததாகப் பதிவில்லை. திருகோணமலையின் குழந்தைகள் முழுப்பேரும் இரும்பால் வார்க்கப்பட்டவர்கள் என்று எண்ணி மகிழ்ந்த ஒரே மடையன் நான்தான்.

மூன்றாம் வருஷம் அந்த வரிசையில் கணபதிப்பிள்ளை என்றொருவர் வந்தார். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவல் பார்க்கிற வேலை. வாசலில் நெருப்புப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆட்களை உள்ளே விடுவார்கள் என்று அந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வாசலில் இருபது வருஷம் நின்றவர். பக்கத்தில் அவருடைய இளைய மகள் வசந்தி. பதின்மூன்று வயது, என் தோளுக்கு மேல் உயரம். அந்த நீளக் கைகளைக் கண்டதும், இவளை வளையத்துக்கடியில் நிறுத்தினால் போதும், இந்த வருஷக் கேடயம் நமக்குத்தான் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது.

தகப்பன் கையெழுத்துப் போடாமல் கேள்வி கேட்கத் தொடங்கினார். அந்த இரும்புத் தூணில் பிள்ளை மோதினால் என்ன செய்வீர்கள்? தூணுக்குத் தென்னந்தும்பு மெத்தை சுற்றக்கூடாதா? தளத்தின் ஓரத்துக் கழிவுநீர்க் கானுக்கு மூடி ஏன் இல்லை? மான் குறுக்கே ஓடிவந்தால்? குடிக்கத் தண்ணீர் எங்கே? காயப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு எந்த வாகனம்? நீங்கள் வராத நாளில் யார் நிற்பார்கள்? பயிற்சி முடிந்து பிள்ளைகள் தனியாகவா வீட்டுக்குப் போவார்கள்? மனிதர் ஒன்றை முடித்துவிட்டுப் பின்னால் திரும்பி வரிசையைப் பார்ப்பார், பிறகு அடுத்ததைக் கேட்பார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குக் கோபம் மூக்குநுனியில் வந்து நின்றது.

"ஐயா, இது எண்ணெய்த் தாங்கியில்லை, பாஸ்கட் போல். பந்து வெடிச்சாலும் ஊர் எரியாது" என்றேன். மண்டபம் சிரித்தது. நானும் என் பகிடியை ரசித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியாக, பயிற்சி முடிந்து பிள்ளைகளைக் கடலில் இறங்க விடுவீர்களா என்று கேட்டார். விடுவேன் என்றேன். அது எங்கள் வழக்கம். வேர்த்து விறுவிறுத்த பிள்ளைகள் நேரே கடலுக்குள் ஓடிக் கழுத்தளவு தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போட்டுவிட்டுத்தான் வீடு போவார்கள். பாதிப் பிள்ளைகள் கூடைப்பந்துக்கு வந்ததே அந்தக் கடற்குளிப்புக்காகத்தான். தன் மகளைக் கடலுக்கு விடவேண்டாம் என்றார். திருகோணமலையில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் பயமா என்று கேட்டேன். பெட்டைப்பிள்ளை ஈரச் சட்டையோடு ரோட்டால் வருவதை விரும்பாத பழைய காலத்து மனிதர் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அப்படி முடிவுகட்டுவதில் நான் மிகவும் கெட்டிக்காரன்.

"பிள்ளைக்கு வருத்தம் ஏதும் உண்டோ?" என்றேன், வழக்கமான குரலில்.

அவர் மறுபடி பின்னால் திரும்பிப் பார்த்தார். வரிசை கடைசித் தூண்வரை நின்றது. மகள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லை" என்றார். நான் 'இல்லை' என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று அவர் போன பிறகு பக்கத்திலிருந்த செயலாளரிடம் நக்கலாகச் சொன்னேன். பழமொழி என்னவோ சரியாகத்தான் இருந்தது. அது என்ன கனம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டியவன் நான்.

வசந்தி நன்றாக ஆடினாள். நன்றாக என்றால், பந்து அவளுக்குக் கையைவிட்டுப் போக மனமில்லாததுபோல் இருந்தது. அதிகம் கதைக்கமாட்டாள். பிழைவிட்டால் நான் கத்துமுன் தானே தலையில் குட்டிக்கொள்வாள். அவளுக்கு ஜெசிந்தா என்றொரு சிநேகிதி. துறைமுகத்தில் வேலைசெய்த ஒருவரின் மகள், கட்டை, வாயாடி. இருவரையும் பிரிக்க ஏலாது. இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டால் ஜெசிந்தா ஏதாவது சாட்டுச் சொல்லி வசந்தியின் அணிக்கே வந்துவிடுவாள். தண்ணீர் குடிக்கவும் கூடவே போவாள். இரண்டு மூன்று தரம் அவளை நான் ஏசியிருக்கிறேன், இதென்ன ஒட்டுப்பல்லியா என்று. அவள் பல்லைக் காட்டுவாள், அடுத்த நாள் மறுபடி பக்கத்தில் நிற்பாள்.

எல்லாரும் கடலுக்கு ஓடும்போது இவர்கள் இருவரும் மணலில் இருந்து மற்றவர்களின் சட்டைகளுக்குக் காவல் காப்பார்கள். எனக்கு அது கண்ணில் குத்தியது. தகப்பனின் பிற்போக்குத்தனத்துக்கு ஒரு பிள்ளை பலியாவதா என்று எனக்குள்ளிருந்த சீர்திருத்தவாதி துடித்தான். மாவட்டப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கையில், ஒருநாள் பயிற்சி ஆட்டத்தில் வசந்தி ஒருத்தியே பதினெட்டுப் புள்ளி போட்டாள். மற்றப் பிள்ளைகள் அவளைக் கையில் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஆசையை நான் கண்டேன். ஜெசிந்தா அன்று பின்னேரம் பல் பிடுங்கப் போனதால் பிந்தித்தான் வந்து சேர்ந்திருந்தாள், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"போ பிள்ளை, அப்பாவிட்ட நான் சொல்லமாட்டன்" என்றேன்.

இந்த ஒரு வசனத்தை நினைத்து எத்தனை தரம் என் வாயிலேயே அடித்துக்கொண்டிருப்பேன் தெரியுமா?

இடுப்பளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு நண்பரோடு போட்டியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவளைக் காணவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அவள் நீருக்குள் மூழ்கிச் சுழியோடுகிறாள் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு கணம். பிறகு கரையிலிருந்து ஜெசிந்தா ஒரு சப்பாத்தோடு கத்திக்கொண்டு ஓடுவதைக் கண்டேன். அவள் சத்தம் வந்தபிறகுதான் என் கால்கள் அசைந்தன.

தூக்கிக்கொண்டு வந்து மணலில் போட்டேன். பல் கிட்டியிருந்தது, கைகள் வெட்டி வெட்டி இழுத்தன, கண் மேலே செருகியிருந்தது. என் கலாசாலைப் படிப்பு முழுவதும் எங்கே போனதோ தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டாள் என்று வயிற்றை அமத்தப் போனேன். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தன் சாவிக்கோர்வையை அவள் கைக்குள் திணிக்க வந்தார், இன்னொருவர் வாய்க்குள் கரண்டி வை என்றார். என் கையை ஒரு சின்னக் கை தட்டிவிட்டது.

"அமத்தாதேங்கோ சேர். அவளுக்கு இது வாறது. ஒருக்களிச்சுப் படுக்க விடுங்கோ, தானா நிக்கும்" என்று ஜெசிந்தா என் காதுக்குள் சொன்னாள்.

சொல்லிக்கொண்டே வசந்தியைப் பக்கவாட்டில் சரித்தாள். கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். வாயிலிருந்து வழிந்த தண்ணீரைத் தன் பாவாடை விளிம்பால் துடைத்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, தண்ணி குடிச்சுப்போட்டாள், காத்து வரட்டும், விலகுங்கோ என்று அதட்டினாள். எனக்கு உண்மையைக் காதுக்குள்ளும் ஊருக்கு வேறொன்றை உரத்தும் சொன்னாள். அந்த இடத்தில் நிதானமாக யோசித்த ஒரே ஆள் அவள்தான். சம்பளம் வாங்குகிற நான் பக்கத்தில் ஈரக் காற்சட்டையோடு முழங்காலில் நின்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியாவிட்டாலும் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் குடிக்கவும் கூடப் போனாளே, ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இழுப்பு நின்றது. மூச்சு வந்தது, ஆனால் கரகரத்து வந்தது. கடல் தண்ணீர் நெஞ்சுக்குள் போயிருந்தது. ஒரு ஐஸ் லொறியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வாகனத்துக்கு என்ன ஒழுங்கு என்று தகப்பன் கேட்டபோது மண்டபம் சிரித்த சிரிப்பு வழி முழுவதும் என் காதுக்குள் கேட்டது.

அவளை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். பிழைப்பாளா என்று தாதியிடம் கேட்டேன். இரவு கழியவேண்டும் என்றார். நான் வெளியிலிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். அந்த வாங்கில் இருந்தபடி நான் செய்த முதல் காரியம், சங்கத்துச் சாவியை ஒரு பெடியனிடம் கொடுத்து, கணபதிப்பிள்ளை கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துவரச் சொன்னதுதான். பிள்ளை உள்ளே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள், நான் வெளியே கடதாசிக்கு ஆளனுப்புகிறேன். குருநாதர் பார்த்திருந்தால் என்னை மெச்சியிருப்பார்.

தகப்பன் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து வாங்கின் மற்ற அந்தத்தில் இருந்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நான்தான் தொடங்கினேன். தாளை விரித்துக் காட்டினேன். நான் கேட்டேன், நீங்கள் இல்லை என்றீர்கள், இது உங்கள் கையெழுத்துத்தானே என்றேன். என் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைத்தேன்.

அவர் தாளை வாங்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு கடதாசித் துண்டை எடுத்தார். கிளினிக் டொக்டர் எழுதியது. பிள்ளைக்கு வலிப்பு உண்டு, குளிசை மருந்து எடுக்கிறாள், விளையாடலாம், தண்ணீரும் உயரமும் ஆகாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

"இந்தத் துண்டு அண்டைக்கும் என்ர பையிலதான் இருந்தது சேர். சனம் குறையட்டும், உங்களிட்டத் தனியாச் சொல்லுவம் எண்டுதான் கேள்வி கேட்டுக் கேட்டு நிண்டனான். வரிசை குறையேல்லை" என்றார்.

பிறகு, "மூத்தவளுக்குத் தையில கலியாணம் பேசி வைச்சிருக்கு. மாப்பிள்ளையின்ர தமையன் எனக்குப் பின்னால மூண்டாவது ஆளா நிண்டவர்" என்றார்.

நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். கேள்விகளைக் கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை, வரிசையைத்தான் பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர் இருபது கேள்வியால் நேரத்தை இழுத்து எனக்கு ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார். நான் அவரை வைத்துப் பகிடி விட்டுச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

விடிந்தபோது வசந்தி கண் திறந்து, போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாளாம். தாதி வந்து சொன்னார். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு உயிர் இரண்டாம் பட்சம்தான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கும் பழைய ஆளாகவே இருந்திருப்பேன். பிள்ளைகளைக் கடலுக்கு விட்டு ஒருத்தி சாகப்பார்த்தாள் என்று ஒரு பெற்றோர் முறையிட, சங்கம் விசாரணை வைத்தது. அதே மண்டபம். அதே பெற்றோர், இம்முறை கதிரைகளில். செயலாளர் நடுவில் இருந்தார். தொடங்குமுன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கடதாசி கையில இருக்குத்தானே, பிறகென்னத்துக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறீர் என்று முதுகில் தட்டினார். அவருடைய திட்டம் எளிது. தகப்பன் நோயை மறைத்தார் என்று வாசித்துக் காட்டுவது, பிள்ளையின் பெயரை வெட்டுவது, சங்கம் தப்புவது. ஜெசிந்தா சொன்னதை அவரிடம் நான்தான் ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் உளறிவிட்டிருந்தேன். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

கணபதிப்பிள்ளை கடைசித் தூணடியில் நின்றார். இரண்டாம் வரிசையில் அந்தத் தமையன் கால்மேல் கால்போட்டு இருந்தார். யாராவது ஒருவர் 'வலிப்பு' என்ற சொல்லைச் சொன்னால் போதும், தையில் கலியாணம் இல்லை. அக்காவுக்கு மட்டுமல்ல, பின்னுக்கு வசந்திக்கும் இல்லை. எங்கள் ஊரில் இப்படித்தான், தங்கைக்கு வந்த வருத்தத்தை அக்காவின் சாதகத்திலும் எழுதிவிடுவார்கள்.

செயலாளர் கனைத்துவிட்டு, "பிள்ளைக்கு முன்னமே வருத்தம் ஏதும் இருந்ததோ? தகப்பன் தந்த கடதாசியை வாசியும்" என்றார்.

என் பையில் தாள் இருந்தது. எனக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், ஓய்வூதியம் வர இன்னும் பதினொரு வருஷம். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே யோசித்தேன். வாசித்தால் நான் சுத்தவாளி, எழுத்தில்.

"கடதாசி துலைஞ்சு போச்சு. தகப்பன் கடலுக்கு விடவேண்டாம் எண்டு என்னட்டச் சொன்னவர். நான்தான் விட்டனான்" என்றேன்.

மண்டபம் என்னை ஏசியது. அலட்சியக்காரன், பொறுப்பில்லாதவன், பிள்ளைகளைப் பலி கொடுக்கப் பார்த்தவன். ஒவ்வொரு சொல்லும் எனக்குரியதுதான் என்பதால் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் இவனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தது, ஆனால் கடதாசி கையில் இல்லாமல் ஒருவர்மேல் குற்றம் சொல்கிற மனிதரல்ல அவர். கிழமைக்குள் கல்வித் திணைக்களத்திலிருந்து எழுத்தில் கடும் எச்சரிக்கை வந்தது. மேலதிகாரிகள் என்னைப் பற்றி எழுதிய கடிதங்களிலேயே முழுக்க உண்மையாயிருந்த ஒரே கடிதம் அது, அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பெரிய தியாகி என்று என்னை எண்ணிவிடாதீர்கள். பிள்ளை பிழைத்திருந்தாள், ஆகவே எனக்கு அந்தத் துணிவு வந்தது. செத்திருந்தால் அந்தத் தாளை வாசித்திருப்பேனோ என்று இப்போதும் சில நாட்களில் யோசிப்பதுண்டு, பதில் சொல்லப் பயம்.

வசந்தி அந்த வருஷப் போட்டிக்கு வரவில்லை. அடுத்த வருஷம் வந்தாள். கடற்குளிப்பை நான் நிறுத்திவிட்டேன், பாதிப் பிள்ளைகள் கழன்றார்கள். தூணுக்குத் தும்பு மெத்தை சுற்றினோம், கானுக்குப் பலகை போட்டோம். கணபதிப்பிள்ளை லீவு நாளில் வந்து தானே சுற்றித் தந்தார். ஜெசிந்தாவை நான் பிறகு ஏசவில்லை. இரண்டு வருஷம் ஆடினாள் வசந்தி. இரண்டு தரம் தளத்தில் வருத்தம் வந்தது. வருமுன் பெருவிரலை உள்ளங்கையில் தேய்ப்பாள் என்று தகப்பன் சொல்லியிருந்தார். கண்டவுடன் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி, மற்றவர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிடுவேன். ஏன் இந்த மனிதன் இத்தனை தரம் தண்ணீர் குடிக்க விடுகிறான் என்று எதிரணிப் பயிற்றுநர் நடுவரிடம் முறையிட்டதும் உண்டு. தையில் அக்காவின் கலியாணமும் நடந்தது. அந்தத் தமையன் எனக்குச் சோற்றுப் பந்தியில் பக்கத்தில் இருந்து, பிள்ளைகளைக் கவனமாகப் பாருங்கள் சேர் என்று புத்திமதி சொன்னார்.

அந்த அடுத்த வருஷப் பதிவு நாளில் வரிசையை மண்டபத்துக்கு வெளியே, மரநிழலில் நிறுத்தினேன். உள்ளே களஞ்சிய அறையில், பந்துகளுக்கும் சாக்குகளுக்கும் நடுவில் இரண்டு கதிரை. ஒருவர் வந்து இருந்ததும் கதவைச் சாத்துவேன். தாய்மார் வந்தால் என் மனைவியும் ஒரு மூலையில் தைத்துக்கொண்டிருப்பாள். குரலைத் தாழ்த்திக் கேட்டேன். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். இதற்கே எனக்கு ஒரு வருஷப் பழக்கம் தேவைப்பட்டது. ஒரு மணித்தியால அலுவல் இரண்டு நாள் எடுத்தது. செயலாளர் இதென்ன பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனமா என்று கேட்டார்.

பிள்ளைகளே, அந்த அறையில்தான் நான் என் அணியை முதன்முதலாகச் சந்தித்தேன். மழைக்கு மூச்சுமுட்டு வந்து இரவிரவாக இருந்து விடியும் பிள்ளை. ஒரு கண் தெரியாத பிள்ளை, அவளைத்தான் நான் மூன்று மாதமாகப் பந்தைப் பிடிக்கத் தெரியாதவள் என்று திட்டினேன். காலையில் சாப்பிட வழியில்லாமல் மாலையில் தலைசுற்றும் பிள்ளை. போன வருஷம் இதே பெற்றோர்தான், இதே என் கேள்விக்கு, இல்லை இல்லை என்று வரிசையாகச் சொன்னவர்கள்.

இரண்டாம் நாள் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் ஒரு தாய் வந்தார். மகன் பட்டினத்தில் சின்னம்மா முறையான சாச்சி வீட்டில் நின்று படித்தான், என்னிடம் ஒரு வருஷம் ஆடியிருந்தான். போன வருஷ வரிசையிலும் இந்தத் தாய்தான் வந்து நின்று கையெழுத்துப் போட்டிருந்தார். இருந்ததும் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். மகனுக்கு வாதக் காய்ச்சல் வந்து இருதயத்தில் பழுது. மாதம் ஒருக்கால் ஆஸ்பத்திரியில் ஊசி. மெல்ல விளையாடலாம், மூச்சு வாங்க ஓடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

இதை ஏன் போன வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அந்தத் தாய் உண்மையான ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "போன வருஷம் நீங்க என்னட்ட ஒண்டும் கேக்கல்லயே சேர்" என்றார்.

கேட்டனான் என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். எனக்கு அந்தப் பையனை நன்றாக ஞாபகம் இருந்தது. மாதம் ஒருநாள் பிந்தி வருவான். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்பேன். ஒன்றும் சொல்லமாட்டான். பிந்தி வந்தால் என்னிடம் தண்டனை, தளத்தைச் சுற்றிப் பத்துத் தரம் ஓட்டம். ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு மாதமும் ஓடினான்.